மொட்டை மாடிக்கும் மாசம் 300 ரூபாய் ஒதுக்குங்க: ஃபிளாட் கணக்குல எல்லாரும் விட்டுடற செலவு



ஃபிளாட் வாங்கும்போது நாம எல்லாரும் ஒரு எக்ஸெல் ஷீட் போடுவோம். டவுன் பேமென்ட், இ.எம்.ஐ., பத்திரச் செலவு, கார் பார்க்கிங், மாடுலர் கிச்சன், மாச மெயின்டனன்ஸ்னு எல்லாத்துக்கும் அதுல ஒரு வரி இருக்கும். மொட்டை மாடிக்கு மட்டும் இருக்காது. ஆனா அந்தக் கட்டடத்தோட ஆயுளை ரொம்பவே பாதிக்கிற இடம் அதுதான். கூரை நனைஞ்சா உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். கம்பி துருப்பிடிச்சா கான்கிரீட் வெடிக்கும். அதுக்கப்புறம் நீங்க 20 வருஷம் இ.எம்.ஐ. கட்டுற சொத்து, கடன் முடியறதுக்குள்ளயே கிழவனாயிடும்.

நான் சொல்ல வர்றது இதுதான். கூரைக்கு வாட்டர் ப்ரூஃபிங் பண்றது "கசிஞ்சா பாத்துக்கலாம்"ங்கற செலவு இல்ல, முன்கூட்டியே மாசாமாசம் சேர்க்க வேண்டிய செலவு. அதோட, சீலிங்ல ஈரம் தெரிஞ்ச உடனே யாரையோ கூப்பிட்டு கோட்டிங் அடிக்கிறது, நாம பண்ற வீண் செலவுகள்லயே முக்கியமான ஒண்ணு. ஏன்னு பாக்கலாம்.

கூரை இல்ல, அது ஒரு தட்டு

ஓட்டு வீட்டுல தண்ணி விழுந்த வேகத்துல வழிஞ்சு ஓடிடும். மொட்டை மாடி அப்படி இல்ல. கண்ணுக்குச் சமமா தெரிஞ்சாலும் அதுல லேசான வாட்டம் இருக்கணும். 10 அடிக்கு குறைஞ்சது ஒன்றேகால் இன்ச் இறக்கம்னு வெச்சுக்கோங்க. அந்த வாட்டம் சரியா இல்லைன்னா கைப்பிடிச் சுவரால நாலு பக்கமும் அணை கட்டின ஒரு பெரிய தட்டுதான் உங்க கூரை.

எவ்ளோ தண்ணி தெரியுமா? ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். 1,200 சதுர அடி மாடின்னா ஏறத்தாழ 111 சதுர மீட்டர். ஒரே நாள்ல 100 மி.மீ. மழை வந்தா 11,000 லிட்டருக்கு மேல அந்த மாடியில விழுது. சாதாரண தண்ணி லாரி ஒண்ணு மாடியில ஏறி நின்ன மாதிரி. சென்னையோட வருஷ மழை சராசரியா 1,400 மி.மீ. அளவு, அதுல பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் நமக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு. அப்போ தரைத் தளத்துல வந்த தண்ணியைத்தான் டிவியில காட்டினாங்க. மேல் மாடியில சீலிங் வழியா வந்த தண்ணியை யாரும் காட்டல.

இவ்ளோ தண்ணியும் போக வேண்டிய வழி, மாடி ஓரத்துல இருக்கிற ரெண்டு மூணு குழாய் வாய்தான். அதுல ஒரு பிளாஸ்டிக் கவரும் கொஞ்சம் காய்ஞ்ச இலையும் போய் அடைச்சா போதும். லட்ச ரூபாய்க்கு பண்ணின வாட்டர் ப்ரூஃபிங்கும் நாள் கணக்குல தண்ணிக்கு அடியில நிக்கும். அதனாலதான் என் பார்வையில, கூரைப் பராமரிப்புல மொதல் செலவு கெமிக்கல் இல்ல, துடைப்பம்.

ஈரம் மூணு வழியில வரும், மருந்து ஒண்ணு இல்ல

சீலிங்ல பழுப்பு வட்டம் தெரிஞ்சா உடனே "மாடி ஒழுகுது"ன்னு முடிவு பண்ணிடறோம். மருத்துவர் காய்ச்சலைப் பாத்ததும் ஆபரேஷன் பண்ண மாட்டார் இல்லையா? மொதல்ல காரணம் தெரியணும். அதுக்கு உங்ககிட்ட ஏற்கனவே இருக்கிற சுலபமான கருவி காலண்டர்.

ஒண்ணு, மழைத் தண்ணி. மழை பெஞ்ச சில மணி நேரத்துலயோ ஒண்ணு ரெண்டு நாள்லயோ கறை பெருசாகும், கோடையில காய்ஞ்சிடும். இதுதான் உண்மையான கூரைக் கசிவு.

ரெண்டு, குழாய்த் தண்ணி. மழை, வெயில் எதைப் பத்தியும் கவலைப்படாம வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஈரமா இருக்கும். மேல ஓவர்ஹெட் டேங்க், சோலார் வாட்டர் ஹீட்டர் குழாய், இல்லைன்னா யாரோ வெச்ச மாடித் தோட்டத் தொட்டி இருக்கும். இதுக்கு மாடி முழுக்க கோட்டிங் அடிச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. பிளம்பர் போதும்.

மூணு, காத்துல இருக்கிற தண்ணி. இதைத்தான் நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. மே மாசம், ஒரு சொட்டு மழை இல்ல, ஆனா ஏசி ஓடுற ரூம்ல ஃபால்ஸ் சீலிங் ஊறிப் போயிருக்கு. அது மேல இருந்து ஒழுகல, அங்கேயே வியர்க்குது.

ஏசி ரூம் ஏன் வியர்க்குது?

குளிர்ந்த பாட்டிலை ஃபிரிட்ஜ்ல இருந்து வெளிய எடுத்து வெச்சா மேல தண்ணி கோர்க்கும் இல்லையா, அதே விஷயம்தான். கடலோர ஊர்கள்ல 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் ரொம்ப சாதாரணம். அந்தக் காத்து ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழ இருக்கிற எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணியா மாறும். உங்க ஏசி 22-ல ஓடுது. ஃபால்ஸ் சீலிங் பலகையோட முதுகு குளிர்ந்து கிடக்கு. லைட்டுக்குப் போட்ட ஓட்டை, ஜன்னல் மேல் இடுக்கு, சரியா மூடாத குழாய்த் துவாரம் இது வழியா வெளிக் காத்து அந்த இடைவெளிக்குள்ள வந்தா, பலகைக்கு மேல சொட்டுச் சொட்டா கோர்க்கும். ஏசியோட செப்புக் குழாய்க்கு மேல சுத்தற கறுப்பு ஃபோம் கிழிஞ்சிருந்தா கதை முடிஞ்சுது. அந்தக் குழாய் இன்னும் ரொம்பக் குளிர்ச்சி.

ஆபீஸ், கடை, கிளினிக் மாதிரி நாள் முழுக்க ஏசி ஓடுற, மேல் மாடியில இருக்கிற இடங்கள்ல இது இன்னும் அதிகம். மொட்டை மாடிக்குக் கீழ ஃபால்ஸ் சீலிங், அதுக்குள்ள ஏசி டக்ட். டக்ட்டைச் சுத்தின இன்சுலேஷன்ல ஒரு இடத்துல பிளவு விட்டாலும் வியர்வை சொட்டும். நண்பர்கள் சேர்ந்து கோ-வொர்க்கிங் இடமோ சின்ன கடையோ வாடகைக்கு எடுக்கறீங்கன்னா, அக்ரிமென்ட் போடறதுக்கு முன்னாடி சீலிங் பலகை ஒண்ணைத் தூக்கி உள்ளே டார்ச் அடிச்சுப் பாருங்க. கறுப்புப் பூஞ்சை தெரிஞ்சா, யார் செலவுல சரி பண்றதுன்னு அக்ரிமென்ட்லயே எழுதுங்க.

இன்னொரு விஷயம். வெளிநாட்டு வீடியோக்களைப் பாத்துட்டு "சீலிங்குக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் ஷீட் போடணும்"னு சிலர் சொல்றாங்க. அது குளிர் நாட்டு மருந்து. அங்கே உள்ளே சூடு, வெளியே குளிர். ஈரக் காத்து உள்ளிருந்து வெளியே போகும், அதனால உள்பக்கம் தடுக்கறாங்க. நம்ம ஊர்ல ஏசி ரூம்ல கதை தலைகீழ். ஈரம் வெளியில இருந்து உள்ளே வருது. தடுப்பு வெளிப்பக்கம் இருக்கணும். உள்பக்கம் பிளாஸ்டிக் ஒட்டினா ஈரத்தை நடுவுல சிறை வெச்ச மாதிரி ஆயிடும்.

எது காரணம்னு புரியலையா? ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி கனமான பாலித்தீன் ஷீட்டை, ஈரமா இருக்கிற கான்கிரீட் சீலிங்ல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. ஒரு நாள் விட்டுப் பாருங்க. ஷீட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல தண்ணி கோர்த்திருந்தா ஈரம் கான்கிரீட்ல இருந்து வருது. ரூம் பக்கம் மட்டும் ஈரமா இருந்தா அது காத்துல இருந்து வருது. செலவு 50 ரூபாய்க்குள்ள. இந்த 50 ரூபாய் பரிசோதனை பண்ணாம 50,000 ரூபாய் கொட்டேஷனுக்கு ஓகே சொல்லாதீங்க.

வருஷா வருஷம் கோட்டிங்: ஏன் வீண்?

மழைதான் காரணம்னு உறுதியாயிடுச்சு. இப்ப என்ன நடக்கும்? நவம்பர்ல ஒழுகும். அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குரூப்ல சண்டை வரும். அவசர அவசரமா ரெண்டு வெயில் நாள் பாத்து ஒருத்தர் வந்து ரப்பர் பெயின்ட் அடிச்சுட்டுப் போவார்.

பிரச்சினை என்னன்னா, நவம்பர்ல அந்தத் தளம் உள்ளுக்குள்ள ஈரமாத்தான் இருக்கும். தட்டோடுக்குக் கீழ இருக்கிற செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை எல்லாம் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணியைக் குடிச்சு வெச்சிருக்கும். மேல கோட்டிங் அடிச்சு மூடிட்டா அந்தத் தண்ணிக்கு வெளிய போக வழி இல்ல. அடுத்த வெயில்ல அது ஆவியாகி மேல தள்ளும். கோட்டிங் அப்பளம் மாதிரி உப்பும், அப்புறம் கிழியும். அடுத்த நவம்பர்ல மறுபடியும் அதே குரூப், அதே சண்டை.

அதனால வேலை பண்ண வேண்டியது தளம் நல்லா காய்ஞ்சிருக்கிற பிப்ரவரியில இருந்து மே வரைக்கும். பண்ண வேண்டிய வரிசையும் முக்கியம்: மொதல்ல வாட்டம் சரி பண்ணணும். அப்புறம் குழாய் வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை, டேங்க் தூண் அடி இதையெல்லாம் மூடணும். கசிவு பெரும்பாலும் நட்ட நடுவுல இல்ல, இந்த இணைப்புகள்லதான். கோட்டிங் கடைசி. நிறைய கொட்டேஷன்ல கோட்டிங் மட்டும்தான் இருக்கும். வாட்டம்ங்கற வார்த்தையே இல்லாத கொட்டேஷனைக் கையெழுத்துப் போடாதீங்க.

அதே மாதிரி, வீட்டுக்குள்ள சீலிங்ல "டேம்ப் ப்ரூஃப்" பெயின்ட் அடிச்சா கசிவு நிக்காது. கறை மறையும், அவ்ளோதான். உள்ளே கம்பி துருப்பிடிச்சுக்கிட்டே இருக்கும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதுதான் காரையைப் பிளந்து கீழ தள்ளுது. கறையை மறைக்கிற காசு, பிரச்சினையை உங்க கண்ணுல இருந்து மறைக்க நீங்களே குடுக்கிற காசு.

இப்ப கணக்கு

உதாரணத்துக்கு நாலு மாடி, மாடிக்கு நாலு வீடு, மொத்தம் 16 வீடு. மொட்டை மாடி 4,800 சதுர அடி. கீழ இருக்கிற ரேட் எல்லாம் கணக்குப் புரியறதுக்காக நான் வெச்சது. உங்க ஊர்ல மூணு கொட்டேஷன் வாங்கி மாத்திக்கோங்க.

வாட்டத்தோட சேர்த்து ஒழுங்கா பண்ற வேலை சதுர அடிக்கு 120 ரூபாய்னா மொத்தம் 5,76,000 ரூபாய். பத்து வருஷம் வரும்னு வெச்சா ஒரு வீட்டுக்கு 36,000 ரூபாய். 120 மாசத்துல பிரிச்சா மாசம் 300 ரூபாய். ஆர்.டி. வட்டியைச் சேர்த்தா இன்னும் குறையும். விலைவாசி ஏத்தம் அதைச் சாப்பிட்டுடும்னு வெச்சு 300-ஐ அப்படியே விடறேன்.

மலிவா கோட்டிங் மட்டும் அடிச்சா சதுர அடிக்கு 35 ரூபாய்னு வைங்க. ஒரு தடவைக்கு 1,68,000 ரூபாய். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பத்து வருஷத்துல அஞ்சு தடவை: 8,40,000 ரூபாய். ஒரு வீட்டுக்கு 52,500. மலிவுன்னு நெனச்சதுதான் 16,500 ரூபாய் அதிகம். நடுவுல கெட்டுப்போன சீலிங், கப்போர்டு, பெயின்டிங் கணக்கு தனி.

மூணாவது வழியும் ஒண்ணு இருக்கு, நிறைய இடத்துல நடக்கிறதும் அதுதான். "உங்க வீட்டுக்கு மேலதானே, நீங்களே பண்ணிக்கோங்க"ன்னு மேல் மாடிக்காரங்க நாலு பேர் தலையில கட்டறது. அப்போ ஆளுக்கு 1,44,000 ரூபாய். மேல் மாடின்னு பில்டர் ஒரு லட்சம் தள்ளுபடி குடுத்தார்னு சந்தோஷப்பட்டீங்களே, 20 வருஷக் கடன்ல, 8.5 சதவீத வட்டியில அந்த ஒரு லட்சத்துக்கு மாசம் ஏறத்தாழ 868 ரூபாய் இ.எம்.ஐ. மிச்சம், உண்மைதான். ஆனா பத்து வருஷத்துல ஒரே ஒரு பில்லுல அந்த ஒரு லட்சம் முழுசா போய் மேல 44,000 கையில இருந்து போகுது.

தரைத் தளத்துக்காரர் ஏன் குடுக்கணும்?

நியாயமான கேள்விதான். "எனக்கு ஒழுகலையே, நான் ஏன் குடுக்கணும்?" ஒவ்வொரு மீட்டிங்லயும் யாராவது ஒருத்தர் கேப்பார்.

சட்டப்படி பாத்தா, 2016-ஆம் வருஷ ரெரா சட்டம் பொதுப் பகுதிகளோட பட்டியல்ல மொட்டை மாடியையும் சேர்த்திருக்கு. பொதுப் பகுதின்னா பொதுச் செலவு. மேல் மாடிக்காரர் மாடியை மட்டும் தனியா பூட்டி வெச்சுக்க முடியாது. அதே மாதிரி செலவை அவர் தலையில மட்டும் கட்டவும் முடியாது. உரிமை எல்லாருக்கும், பில் நாலு பேருக்கு மட்டும்ங்கறது எந்த ஊர் நியாயம்?

சட்டத்தை விடுங்க, பணமா யோசிங்க. தரைத் தளத்துக்காரர் வாங்கினது நாலு சுவர் மட்டும் இல்ல. முழுக் கட்டடத்துலயும் நிலத்துலயும் ஒரு பங்கு. மேல் தளத்துக் கம்பி துருப்பிடிச்சு கட்டடமே பலவீனம்னு ஒரு ரிப்போர்ட் வந்தா, அவர் வீட்டை வாங்க வர்றவருக்கு பேங்க் லோன் குடுக்கத் தயங்கும். விலை விழறது 16 வீட்டுக்கும்தான். மாசம் 300 ரூபாய் அவர் மேல் வீட்டுக்காரருக்குப் பண்ற தர்மம் இல்ல, தன் சொத்துக்குத் தானே கட்டற பிரீமியம்.

இதுல மேல் மாடிக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். துணி காயப்போடற கம்பிக்கு ஆணி அடிக்கிறது, டிஷ் ஆன்டெனாவுக்கு தளத்துல ஓட்டை போடறது, தொட்டிகளை நேரா தட்டோடு மேல வெக்கிறது இதெல்லாம் நீங்களே வாட்டர் ப்ரூஃபிங்கைக் கிழிக்கிறதுக்குச் சமம். பொதுச் செலவு கேக்கறவங்க பொதுப் பொறுப்பையும் எடுத்துக்கணும்.

அஞ்சு வருஷ கடிகாரம் ஓடிக்கிட்டிருக்கு

புது ஃபிளாட் வாங்கினவங்க இதை நல்லா படிங்க. ரெரா சட்டம் பிரிவு 14(3) படி, வீடு ஒப்படைச்ச தேதியில இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டமைப்புலயோ வேலைத் தரத்துலயோ குறை இருக்குன்னு நீங்க தெரியப்படுத்தினா, பில்டர் 30 நாளுக்குள்ள காசு வாங்காம சரி பண்ணிக் குடுக்கணும். பண்ணலைன்னா இழப்பீடு கேக்கலாம்.

ஆனா பலர் பண்றது என்ன? சைட் இன்ஜினியருக்கு போன் பண்ணி சொல்றது. அவரும் "அனுப்பறேன் சார்"ம்பார். ரெண்டு மழைக்காலம் அப்படியே ஓடிடும். போன்ல சொன்னதுக்கு ஆதாரம் இல்ல. ஒவ்வொரு தடவையும் தேதி தெரியற போட்டோவோட மெயில் அனுப்புங்க, ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்பி வைங்க. நாலாவது வருஷ மழைக்காலம் முடிஞ்ச உடனே அசோசியேஷன் சார்புல ஒரு சுயாதீன இன்ஜினியரை வெச்சு மாடி முழுக்கப் பாத்து ரிப்போர்ட் வாங்கிடுங்க. வாரன்டி முடியறதுக்கு முன்னாடி காரை சர்வீஸுக்கு விடறோம் இல்லையா, அதே மாதிரி.

இன்ஷூரன்ஸ், வரி: ரெண்டு தப்பான நம்பிக்கை

"ஹோம் இன்ஷூரன்ஸ் இருக்கே, அது பாத்துக்கும்." பாத்துக்காது. 2021 ஏப்ரல்ல இருந்து இருக்கிற பாரத் கிருஹ ரக்ஷா மாதிரியான பாலிசிகள் தீ, புயல், வெள்ளம், தண்ணி டேங்க் உடைஞ்சு வழியறது மாதிரி திடீர் சேதத்துக்கானது. வருஷக்கணக்கா மெல்ல மெல்ல ஊறினது தேய்மானக் கணக்குல போயிடும். பாலிசியோட விலக்குகள் பக்கத்தை ஒரு தடவை படிச்சுடுங்க.

"வாடகைக்கு விட்டிருக்கேன், வாடகை முழுக்க லாபம்." வருமான வரிச் சட்டமே அப்படி நெனைக்கல. வாடகை வருமானத்துல, சொத்து வரி போக மிச்சத்துல, 30 சதவீதத்தை ரிப்பேர் மாதிரி செலவுகளுக்குன்னு கழிச்சுக்க விடுது, நீங்க செலவு பண்ணினாலும் பண்ணலைன்னாலும். மாசம் 20,000 வாடகைன்னா, சொத்து வரியை விட்டுட்டுப் பாத்தா, வருஷத்துக்கு 72,000 ரூபாய். கூரைக்கு நான் கேக்கறது வருஷத்துக்கு 3,600. அந்தக் கழிவுல வெறும் 5 சதவீதம். அரசாங்கமே ஒதுக்கச் சொல்ற காசை நாம கோவா ட்ரிப்புக்கு ஒதுக்கறோம்.

என்ன பண்ணலாம்?

ஃபிளாட் வாங்கப் போறவங்க: மேல் மாடியோ கீழ் மாடியோ, பேரம் பேசறதுக்கு முன்னாடி மொட்டை மாடிக்கு ஏறுங்க. முடிஞ்சா மழை விட்ட மறுநாள் போங்க. ரெண்டு நாள் ஆகியும் எங்கே குளம் மாதிரி நிக்குதோ, அங்கே வாட்டம் இல்ல. பழைய ஃபிளாட்னா புதுசா பெயின்ட் அடிச்ச சீலிங்கைப் பாத்து மயங்காதீங்க. கப்போர்டைத் திறந்து முகர்ந்து பாருங்க. பெயின்ட் பொய் சொல்லும், மூக்கு சொல்லாது. அசோசியேஷன் கணக்குல கூரைக்குன்னு தனி நிதி இருக்கான்னு கேளுங்க.

ஏற்கனவே இருக்கிறவங்க: அடுத்த மீட்டிங்ல ஒரே ஒரு தீர்மானம் கொண்டு வாங்க. மெயின்டனன்ஸ்ல இருந்து கூரை நிதியைப் பிரிச்சு, அசோசியேஷன் பேர்ல தனி ஆர்.டி.யா போடணும். செக்யூரிட்டி சம்பளத்துக்கோ பொங்கல் விழாவுக்கோ அதைத் தொடக்கூடாது. செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல எல்லாரும் சேர்ந்து மாடி குழாய் வாயைச் சுத்தம் பண்ணணும்.

அசோசியேஷன் ஒத்துக்கலைன்னா? நீங்க மட்டும் மாசம் 300 தனியா போடுங்க. மேல் மாடின்னா 1,200 போடுங்க, ஏன்னா பில் உங்க தலையிலதான் வரும்னு இப்பவே தெரியுது. எமர்ஜென்சி ஃபண்டுல இதைக் கலக்காதீங்க. வேலை போறது எமர்ஜென்சி. நவம்பர்ல மழை வர்றது எமர்ஜென்சி இல்ல, அது வருஷா வருஷம் தேதி சொல்லிட்டு வர்ற விருந்தாளி.

உங்க அபார்ட்மென்ட்ல கூரைக்குத் தனி நிதி இருக்கா, யார் எவ்ளோ குடுக்கறாங்க, தரைத் தளத்துக்காரங்க என்ன சொல்றாங்கன்னு கமென்ட்ல எழுதுங்க. குறிப்பா தரைத் தளத்துல இருக்கிறவங்க நான் சொன்னதுக்கு எதிர்வாதம் வெச்சா, அடுத்த வீடியோவுல அதையே எடுத்துப் பேசலாம்.